மூன்று கோப்பு, ஒரே வீடு

முதியோர் பராமரிப்பு, சிறுவர் பாதுகாப்பு என்று ஆய்வு செய்ய வருகிறவர்களோடு எனக்கு ஒரு பழைய சண்டை இருக்கிறது. இன்றைக்கு எழுதிவிடுகிறேன். நீளமான பதிவுதான், நேரம் இருந்தால் வாசியுங்கள்.

திருகோணமலைச் சனத்துக்கு வினாக்கொத்து புதிதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு வந்தார்கள், 2006இல் சம்பூர் இடம்பெயர்ந்த பிறகு வந்தார்கள், யுத்தம் முடிந்து வந்தார்கள். நானும் கொஞ்சக் காலம் அந்தக் கடதாசிக் கட்டோடு மூதூர், கிண்ணியாப் பக்கம் வீடு வீடாகப் போனவள்தான் (2009இல் கிண்ணியாப் பாலம் திறக்க முதல் பாதை என்கிற ஆற்றுப் படகுக்குக் காத்து நின்றே பாதி நாள் போய்விடும், அது வேறு கதை). அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பெரும்பாலான வினாக்கொத்து ஒரு தனி ஆளைத்தான் தேடி வருகிறது. முதியோர் ஆய்வென்றால் முதியவரிடம் மட்டும் கேள்வி, சிறுவர் ஆய்வென்றால் பிள்ளையைப் பற்றி மட்டும் கேள்வி. தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவடியில் நிற்கிற பொம்பிளையிடம் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வீடு. அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றித்தான் எழுதுகிறேன். அம்மம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, சுகரும் பிரஷரும் இருக்கிறது. அம்மப்பா பாரிசவாதம் வந்து படுக்கையில். மகள் குவைத்தில், அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அம்மம்மாவோடு. மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது. அம்மம்மாவால் தனியாக அவரைப் புரட்ட முடியாது, அதனால் பள்ளிக்கூடம் போக முதல் அந்தப் பிள்ளைதான் ஒரு பக்கம் பிடிக்கும், பம்பேர்ஸ் மாற்றும், சில நாள் கஞ்சியும் பருக்கும். கிளினிக் நாளில் ஓட்டோவில் ஏற்றி இறக்க ஆள் வேண்டும், அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. சரி, இந்த வீட்டில் முதியவர் யார், பராமரிப்பவர் யார், பாதுகாக்கப்பட வேண்டிய சிறுவர் யார்? அம்மம்மா முதியவர், பராமரிப்பவரும் அவர்தான். பேத்தி சிறுமி, அவளும் பராமரிப்பவள். குவைத்தில் இருக்கிற தாய் அங்கே யாரோ பெற்ற பிள்ளைக்குச் சோறூட்டி அந்தக் காசில் இங்கே பம்பேர்ஸ் வாங்கக் கொடுக்கிறாள்.

இனி பிரதேச செயலகத்துக்குப் போங்கள். முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஒரு மேசையில், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இன்னொரு மேசையில், சமூக சேவை உத்தியோகத்தர் வேறொரு மேசையில். பிள்ளைகளின் வழக்குகளைப் பார்க்கிற நன்னடத்தை உத்தியோகத்தர் மாகாணத்துக்குக் கீழே, அவர் வேறு கட்டடம். ஒவ்வொருவரும் தங்கள் கோப்பைப் பார்க்கிறார்கள், பாவம், ஓடித் திரிகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த வீட்டை முழுதாகப் பார்க்கிற கோப்பு எந்த மேசையிலும் இல்லை. ஆய்வுகளும் அதே மேசைகளைப் பார்த்துத்தான் எழுதப்படுகின்றன. முதியோருக்கு ஒரு அறிக்கை, சிறுவருக்கு ஒரு அறிக்கை, புலம்பெயர் தொழிலாளிக்கு ஒரு அறிக்கை.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடக் கூடாது என்கிறது, பராமரிப்புச் சபைக்குப் போய்ப் பணம் கேட்கவும் வழி வைத்திருக்கிறது. தேவையான சட்டம்தான். விட்டுவிட்டுப் போன பிள்ளையைப் பிடித்துக் கேட்க உதவும். விட்டுப் போகாமல் இரவு மூன்று மணிக்கும் எழும்புகிற பிள்ளைக்கு என்ன என்று கேட்டால் பதில் இல்லை.

பராமரிப்பவரைப் பற்றி ஆய்வு செய்து என்ன காணப்போகிறீர்கள் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1999இல் அமெரிக்காவில் ஷுல்ஸ், பீச் என்ற இருவர் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வயதான தம்பதிகளை நாலு வருடமளவு தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளியான துணையைப் பராமரித்து அதனால் களைத்து நொந்துபோனவர்களுக்கு, அந்தப் பொறுப்பே இல்லாதவர்களைவிட மரண ஆபத்து 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. பராமரித்தும் அப்படி நொந்துபோகாதவர்களிடம் அந்த அளவு வித்தியாசம் தெளிவாகத் தெரியவில்லை. எனக்கு இந்த இரண்டாவது முடிவுதான் முக்கியம். வாரத்தில் இரண்டு நாள் யாராவது வந்து இரண்டு மணித்தியாலம் அம்மப்பாவைப் பார்த்துக்கொண்டால் அம்மம்மாவின் ஆயுளே கூடலாம் என்று யோசிக்க அது இடம் தருகிறது. அப்படியொரு உதவி கிழக்கு மாகாணத்தில் எப்படி நடக்கும், எவ்வளவு செலவாகும், ஆம்பிளை நோயாளி இருக்கிற வீட்டுக்கு எந்தப் பொம்பிளை போவாள், இதையெல்லாம் இங்கே வந்து கேட்டால்தான் தெரியும்.

“நாங்கள் வெள்ளைக்காரன் மாதிரியா, தாய் தகப்பனை நாங்களே பார்ப்போம்” என்று இதற்குக் கீழே ஒருவர் எழுதத்தான் போகிறார். அண்ணை, நீங்கள் பார்ப்பதில்லை, உங்கள் மனிசி பார்க்கிறா. பிரித்தானியாவில் 1976இல் பராமரிப்பவருக்குக் கொடுப்பனவு தொடங்கியபோது கலியாணம் முடித்த பெண்களுக்கு இல்லை என்று வைத்தார்கள், எப்படியும் வீட்டில்தானே இருப்பாள் என்ற நினைப்பு. தன் தாயைப் பார்த்த ஜாக்குலின் டிரேக் என்ற பெண்ணின் வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1986இல்தான் அது மாறியது. எங்கள் பெருமைப் பேச்சு இன்னும் அந்த 1976இல் நிற்கிறது. 2012 கணக்கெடுப்பிலேயே இலங்கையில் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் அறுபது வயதைத் தொட்டவர்கள். பிள்ளைகளில் பாதிப் பேர் வெளிநாட்டில், இங்கே இருக்கிற பாதிக்கும் இடுப்பு நோ.

பிள்ளைகள் விசயத்துக்கு வருகிறேன். மூதூர் ரிசானா நபீக்கை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிப் போட்டு 2005இல் சவூதிக்கு அனுப்பப்பட்ட பிள்ளை, கையில் கொடுக்கப்பட்ட குழந்தை இறந்த வழக்கில் 2013 ஜனவரியில் மரணதண்டனை. அதே ஆண்டுதான் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கிற தாய் வீட்டுவேலைக்குப் போக முடியாது, குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும் என்று விதி வந்தது. பிறகு அது தளர்ந்தது. நீ போனால் பிள்ளையை யார் பார்ப்பது என்று தாயிடம் கேட்பார்கள், அவள் அம்மம்மாவின் பெயரைச் சொல்வாள். அந்த அம்மம்மாவை யார் பார்ப்பது?

முடியாவிட்டால் பிள்ளைகளைச் சிறுவர் இல்லத்தில் விடலாமே, சாப்பாடும் படிப்பும் கிடைக்கும் என்கிறார்கள். இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடுதான் இருக்கிறார்கள், வறுமையால் விடப்பட்டவர்களே நிறைய. ருமேனியாவில் புக்கரெஸ்ட் நகரில் 136 சிறு குழந்தைகளை வைத்து ஒரு நீண்ட ஆய்வு நடந்தது. பாதிப் பேர் நல்ல வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள், மற்றவர்கள் வழக்கப்படி இல்லப் பராமரிப்பில். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சி மேலாக இருந்தது, அதுவும் இரண்டு வயதுக்கு முன்னமே போனவர்களுக்கு. அங்கே நிலைமை எங்கள் இல்லங்களைவிட மிக மோசம், அப்படியே கொண்டுவந்து இங்கே ஒட்ட முடியாது, தெரியும். ஆனால் ஒரு பிள்ளையை இல்லத்தில் வைத்திருக்கச் செலவாகிற காசை அந்த அம்மம்மாவின் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று எங்கள் மாவட்டத்தில் ஒருதரம் சோதித்துப் பார்க்கலாமே.

இதை வாசிக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்துப் பிள்ளைகள், இறுதி வருட ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள், ஒரு வீட்டை எடுங்கள். ஆளை எடுக்காதீர்கள். வீட்டில் யார் யாரைத் தூக்குகிறார், எத்தனை மணிக்கு, அந்த நேரத்தில் எது விடுபட்டுப் போகிறது என்று கேளுங்கள். பிள்ளையிடம் பேசுவதென்றால் பெரியவர்களிடமும் பிள்ளையிடமும் சம்மதம் வாங்கிக்கொண்டு தனியாகப் பேசுங்கள், அம்மம்மா பக்கத்தில் இருந்தால் எல்லாம் சுகம் என்றுதான் சொல்லும். முடிவைத் தமிழில் இரண்டு பக்கமாவது எழுதி அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள், நூலகத்துக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். காலை நேரம் வேண்டாம், அது குளிப்பாட்டுகிற நேரம். பின்னேரம் நாலரைக்குப் பிறகு நல்லது. உள்பெட்டியில் எழுதுங்கள், வீட்டார் சம்மதித்தால் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.