மயக்கம் என்று மட்டும் எழுதினால் போதாது

சென்ற வாரம் பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெரு ஆயா ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். வரிசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தவர், டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் சட்டென்று எழுந்து, அப்படியே என் தோளில் சரிந்தார். பின்னாலிருந்த ஒருவர், "முன்னாடி போறதுக்கு நடிக்குது" என்றார். உள்ளே சீட்டில், மயக்கத்தைக் குறிக்கும் 'ஃபெயின்ட்' (faint) என்ற ஒரே ஆங்கிலச் சொல்லை எழுதிக்கொண்டார்கள்.

அந்த ஆளின் பேச்சுக்கும் சீட்டிலிருந்த சொல்லுக்கும் பழைய உறவு இருக்கிறது. பாசாங்கு செய்வதைக் குறித்த பழைய பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்ததுதான் ஃபெயின்ட். அந்த வினைக்கும் மூலமான லத்தீன் சொல்லுக்கு உருவம் வனைதல் என்று பொருள். வனைவது பாசாங்காகி, பாசாங்கு கோழைத்தனமாகி, அது வலுவின்மையாகி, கடைசியில்தான் நினைவு தப்புதல் என்ற பொருள் வந்து சேர்ந்தது. எங்கள் பகுதிக் குத்துச்சண்டைப் பயிற்சியில், அடிப்பதுபோல் கையை நீட்டி எதிராளியை ஏமாற்றும் அசைவுக்கும் இதே உச்சரிப்புள்ள பெயர்தான். எழுத்து ஒன்று மாறினாலும் வேர் ஒன்றே. மங்கிய வெளிச்சம், மெல்லிய ஓசை, லேசான வாசனை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் இந்த ஒரு சொல்லே போதுமானதாக இருக்கிறது.

நம் 'மயக்கம்' வேறு வழியில் வந்தது. மயங்குதல் என்றால் கலத்தல். மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து வருவதை இலக்கணம் மெய்ம்மயக்கம் என்கிறது. விழுந்தவரைச் சந்தேகிக்கும் குணம் இந்தச் சொல்லில் இல்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனாலும் தலை கிறுகிறுப்பது, சுற்றியுள்ளவை சுழல்வது, பசியில் சோர்வது, நினைவே தப்புவது ஆகிய எல்லாவற்றையும் மயக்கம் என்றே சொல்லிவிடுகிறோம். சுழல்வது காதின் உட்பகுதிக் கோளாறாக இருக்கலாம். நினைவு தப்புவதோ மூளைக்குச் செல்லும் ரத்தம் சற்று நேரம் குறைவதால் நேர்வது. மாத்திரையும் சோதனையும் இதைப் பொறுத்தே மாறும் என்பதால், துணைக்குப் போகிறவர் ஒருமுறையாவது விளக்கமாகக் கேட்டுவிட வேண்டும் என்று மன்றாடிச் சொல்கிறேன்.

மறுநாள் ஆயாவிடம் பொறுமையாகக் கேட்டேன். "எய்ந்தேன், கண்ணு இருட்டிக்கினு வந்துச்சு, அப்பால ஒண்ணியும் தெரியல" என்றார். எழுந்தவுடன் விழுந்தார், ஒரு நிமிடத்துக்குள் தெளிந்தார், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்த மருத்துவர், அவரைப் படுக்கவைத்து ஒருமுறையும் நிற்கவைத்து ஒருமுறையும் ரத்த அழுத்தத்தை அளந்தார்.