பத்து மணிக்கு மலை இருக்காது, மாமா!

விடுமுறைக்கு வந்த இடத்தில் எதற்கு அலாரம் என்று கேட்கிறவர்களை இனி எந்த எரிமலைத் தீவுக்கும் கூட்டிப்போவதாக இல்லை. கடற்கரை விடுதிக்கு வேண்டுமானால் வரட்டும். கடல் பதினொரு மணிக்கும் இருக்கும், சாயங்காலம் நாலு மணிக்கும் இருக்கும். ரீயூனியன் தீவில் மலை அப்படி இல்லை. காலை ஒன்பது வரை இருக்கும், மிஞ்சிப்போனால் பத்து. அப்புறம் வெள்ளைத் திரைதான்.

இதை ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே சொன்னேன். விமானத்தில் சொன்னேன். ராத்திரி படுக்கப்போகும்போது ஒவ்வொரு அறைக் கதவையும் தட்டிச் சொன்னேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். காலையில் ஒருத்தரையும் காணோம்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலின் அடியிலிருந்து எரிமலைக் குழம்பு எழுப்பிய தீவு இது. பிரான்சின் ஒரு பகுதி, செலவு எல்லாம் யூரோவில். பரப்பளவு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் 3,000 மீட்டரைத் தாண்டி நிற்கிறது பிதோன் தெ நேஜ் என்ற தூங்கும் எரிமலை. அதைச் சுற்றி மஃபாத், சிலாவோஸ், சலாஸி என்று மூன்று பெரும் பள்ளங்கள். சுற்றிலும் செங்குத்துச் சுவர்கள், உள்ளே மேடும் மடுவும் சின்னச் சின்னக் கிராமங்களும். அந்தத் தீவுக்குப் போவதே இதைப் பார்க்கத்தான்.

வெயில் ஏறினால் மலைச்சரிவு சூடாகும். கடல் பக்கத்து ஈரக்காற்று அந்தச் சரிவைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். ஏற ஏறக் குளிரும், குளிர்ந்தால் மேகம். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் இதே கதைதான். ஹெலிகாப்டரில் சுற்றிக் காட்டுகிறவர்கள்கூட விடிந்ததும் பறக்க ஆரம்பிப்பது இதனால்தான். இதில் என் விருப்பம், என் அவசரம், என் 'மிலிட்டரித்தனம்' எங்கே வந்தது? மேகத்துக்கு நானா நேரம் குறித்துக் கொடுத்தேன்?

மைதோ என்று ஒரு காட்சிமுனை இருக்கிறது. கிட்டத்தட்ட 2,200 மீட்டர் உயரம். அங்கே நின்றால் மஃபாத் பள்ளம் முழுவதும் காலடியில் தெரியும். மஃபாத்துக்குள் சாலையே கிடையாது. நடந்து போக வேண்டும், இல்லாவிட்டால் ஹெலிகாப்டர். அப்படி ஓர் இடத்தில் மனிதர்கள் குடும்பம் நடத்துகிறார்கள், அந்த வீட்டுக் கூரைகளை மேலேயிருந்து பார்க்கலாம். ஐந்து மணிக்குக் கிளம்பலாம் என்பது என் திட்டம். நடந்தது என்ன? "ஹோட்டல்ல காலைச் சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தானே காசு வாங்கியிருக்கான், சாப்பிட்டே போயிடலாம்" என்றார் மாமா. ஹோட்டல் அந்தச் சாப்பாட்டை ஏழு மணிக்குத்தான் எடுத்து வைக்கும். காசு கொடுத்ததாயிற்று என்று ஒவ்வொருவரும் மூன்று தடவை போய்ப் போய்த் தட்டை நிரப்பிக்கொண்டு வந்தார்கள். ஒரு குரோசான் துண்டுக்காக ஒரு மலையையே விட்டுக்கொடுத்த கூட்டத்தை வேறு எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? விமானச் சீட்டுக்குக் கொடுத்த காசு மட்டும் காசு இல்லையா?

சரி, சாப்பிட்டாயிற்று, கிளம்பலாம் என்றால் அக்காவின் போனில் சார்ஜ் இல்லை. பையன் எழுந்தான், ஆனால் பாத்ரூமுக்குள் போனவன் வெளியே வரவில்லை. சித்தி குளிருக்கு எடுத்த ஸ்வெட்டரைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டார், பெட்டி முழுக்கக் கட்டில் மேல். மச்சான் மட்டும் தயாராகி காரில் போய் உட்கார்ந்தார் என்று சந்தோஷப்பட்டேன். பார்த்தால் அங்கே தூங்கிக்கொண்டிருக்கிறார்.

மைதோவுக்குப் போய்ச் சேர்ந்தபோது எதிரில் வந்த கார்கள் எல்லாம் இறங்கிக்கொண்டிருந்தன. மேலே போனால் கம்பி வேலி, அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. பஞ்சு மூட்டையைப் பிரித்துக் கொட்டினது மாதிரி வெள்ளை. "இதுக்குத்தான் இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தியா?" என்று கேட்டார் மாமா. என்னைப் பார்த்துக் கேட்டார்! அந்த வெள்ளைக்கு முன்னால் நின்று எல்லாரும் சிரித்துப் படமும் எடுத்துக்கொண்டார்கள்.

எரிமலைக்குப் போன அன்றைக்கு இன்னும் மோசம். பிதோன் தெ லா ஃபுர்னேஸ் உலகத்திலேயே அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று, 2,632 மீட்டர். போகிற வழியில் செம்மண் நிறச் சாம்பல் சமவெளி ஒன்று வரும், புல் பூண்டு அரிதாகத்தான் தென்படும். அது முடிகிற இடத்தில் விளிம்பிலிருந்து படியில் இறங்கி, உறைந்த குழம்பின் மேல் நடந்து, உச்சிப் பள்ளம் வரை போய்த் திரும்ப ஐந்து மணி நேரமாவது வேண்டும். 2007 ஏப்ரலில் நடந்த பெரிய வெடிப்பில் அந்த உச்சிப் பள்ளத்தின் அடித்தளம் முன்னூறு மீட்டருக்கு மேல் அப்படியே இடிந்து உள்ளே போனது. அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு எத்தனை வருட ஆசை! மேகம் இறங்கினால் பாறையில் வரிசையாக அடித்திருக்கும் வெள்ளைப் பெயிண்ட் அடையாளம்தான் துணை. அடுத்த அடையாளம் தெரியாவிட்டால் வழி தவறும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த மூட்டத்தில் எப்படி இறங்குவது? கீழே போகாமலே திரும்பினோம். அதற்கும் "பயந்தாங்கொள்ளி" என்று எனக்கே பட்டம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட நம் மக்களின் வழித்தோன்றல்கள் இந்தத் தீவில் நிறையப் பேர். சென்ட் ஆந்த்ரே பக்கம் கோபுரத்தோடு கோயில் இருக்கிறது. கோயிலுக்குப் போகிறோம் என்றதும் மாமி விடிவதற்கு முன்பே குளித்துவிட்டார். எல்லாரும் பட்டுப்புடவை, வேட்டி சகிதம் ஆறு மணிக்கு வாசலில். அலாரமே தேவைப்படவில்லை! அப்படியானால் முடியாமல் இல்லை, மனசு இல்லை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. கோபுரத்தை எந்த மேகமும் மறைக்காதே, அதைச் சாவகாசமாகப் பத்து மணிக்குப் பார்த்திருக்கலாமே!

காலையில் மலை, மத்தியானம் கடல் என்று போனால் இந்தத் தீவு ஒரு குறையும் வைக்காது. எங்கள் ஆட்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். காலையில் எர்மிதாஜ் கடற்கரை, அதுவும் மெதுவாக. சுறாத் தாக்குதல்களால் 2013 முதல் பவளத்திட்டுக்கு உட்பட்ட ஆழமில்லாத நீரிலும் காவல் உள்ள சில இடங்களிலும்தான் இறங்கலாம் என்று கட்டுப்பாடு. "இவ்வளவு பெரிய கடல் இருக்கு, இந்தக் குட்டையிலயா குளிக்கணும்?" என்று மச்சான் அதற்கும் என்னிடமே சண்டை. சுறாவுக்கும் நான்தான் பொறுப்பு போல.

மத்தியானம் சிலாவோஸ். நானூறு வளைவு என்றே பேர் வாங்கிய சாலை அது. இடையில் ஒரு வண்டி மட்டும் நுழையக்கூடிய சுரங்கங்கள். தாமதமாக ஏறினால் இறங்கி வரும் பஸ்களுக்கு ஒவ்வொரு இடத்திலும் ஒதுங்கி நிற்க வேண்டும். மேலே போய்ச் சேரும்போது இரண்டு மணி தாண்டிவிட்டது. உணவகங்களில் சமையலறையை மூடியாயிற்று, இனி ராத்திரிதான். அந்த ஊர்ப் பருப்புக்குத் தனிப் பெயர், அதையும் சாப்பிடவில்லை. வழியில் வாங்கிய சமோசாவைக் காரிலேயே கடித்துவிட்டு, ஆறு மணிக்கெல்லாம் கவியும் இருட்டில் அதே நானூறு வளைவையும் இறங்கினோம். பின் சீட்டில் குறட்டை. ஸ்டியரிங்கைப் பிடித்த எனக்கு மட்டும் கண்ணில் எண்ணெய்.

ஊர் திரும்பியதும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அக்கா எழுதுகிறார், "ரீயூனியன்ல பெருசா ஒண்ணும் இல்லை, எங்க பார்த்தாலும் மேகம்." அதற்குக் கீழே எட்டுப் பேர் கட்டைவிரல். யூடியூபில் எவனோ ஏமாற்றிவிட்டான் என்கிறார் மச்சான்.

பெரிய குடும்பமாகப் போகிறவர்களே, ஒன்பது பேர் உட்காரும் வேனை வாடகைக்கு எடுக்காதீர்கள். அது கடைசியாக எழுந்தவர் நேரத்துக்குத்தான் நகரும். இரண்டு சின்னக் காராக எடுங்கள், ஒன்றின் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணிக்கு வாசலில் நிற்கிறவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு போய்விடுங்கள். மற்றவர்கள் குரோசான் சாப்பிடட்டும்.