மெக்னீசியம் கலந்த அலுமினியம் கடலில் கரையுமா?

“மெக்னீசியம் கலந்த அலுமினியத் தகடு உப்புநீரில் கரைந்துவிடும், படகுக்கு வாங்காதீர்கள்” என்று பாம்பன், மண்டபம் பக்கம் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

தனி மெக்னீசியம் கடல்நீரில் வேகமாக அரிபடும் என்பது உண்மைதான். ஆனால் 4 முதல் 4.9 சதவீதம் மெக்னீசியம் கலந்த 5083 ரக அலுமினியம் உலகெங்கும் படகு கட்டப் பயன்படுகிறது. அதன் மேல் தானாகப் படியும் மெல்லிய ஆக்சைடு படலமே காவல். அஞ்ச வேண்டியது செம்பு கலந்த, ‘2024’ என்ற எண் கொண்ட அலுமினிய ரகத்துக்கு. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், உப்பு பட்டால் குழிகுழியாகிவிடும். ரகம் கேட்காமல் தகடு வாங்கவே வாங்காதீர்கள்.

இன்னொன்று: பித்தளை போல்ட் முடுக்கிய இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால் அங்கே அலுமினியம் அரிபடத் தொடங்கிவிட்டது. இரண்டு உலோகமும் தொடாதபடி நடுவே நைலான் வாஷரும் குழலும் போடுங்கள்.