ஒரு சிறுவிளக்கு மறைத்த ஆபத்து

நிலவுக்குப் புறப்பட்டு, வழியில் கலன் ஒன்று சிதைந்ததால் பாதியில் திரும்பிய அமெரிக்க விண்கலம் அப்போலோ 13 என்றதும் மூன்று விண்வெளி வீரர்களின் துணிவையும் ஹியூஸ்டன் கட்டுப்பாட்டு அறையின் சமயோசிதத்தையும் புகழ்கிறோம். ஒலித்திருக்க வேண்டிய ஓர் எச்சரிக்கை அங்கே ஒலிக்காமலே போனது என்பதைப் பலரும் பேசுவதில்லை. எனக்கோ அந்தப் பயணத்தில் மிகவும் உறுத்தும் செய்தி அதுதான்.

விண்கலத்தின் எச்சரிக்கை அமைப்பு அசட்டையாகச் செய்யப்பட்டதன்று. ஏதேனும் ஓர் அளவு வரம்பு மீறினால் அதற்குரிய சிறுவிளக்கு எரியும். சிவப்பு நிறத் தலைமை எச்சரிக்கை விளக்குகளும் உடன் ஒளிரும். வீரர்களின் காதுகளில் 750, 2000 ஹெர்ட்ஸ் என இரு ஒலிகள் மாறி மாறி வேகமாகக் கேட்கும். பொத்தானை அழுத்தினால் ஓசை அடங்கும். சிறுவிளக்கோ கோளாறு தீரும்வரை அணையாது.

குறை இருந்தது அந்தச் சிறுவிளக்கில்தான். இரண்டு ஹைட்ரஜன் கலன்கள், இரண்டு ஆக்சிஜன் கலன்கள் ஆகிய நான்கின் அழுத்தத்துக்கும் சேர்த்து ஒரே விளக்கை வைத்திருந்தார்கள். 1970 ஏப்ரல் 13 இரவு, ஹைட்ரஜன் கலன் ஒன்றில் அழுத்தம் சற்றுக் குறைந்ததால் அது எரிந்தது. உயிருக்கு ஆபத்தில்லாத, எல்லோருக்கும் புரிந்த சிறு குறைவு அது. கலன்களுக்குள் இருக்கும் விசிறிகளை இயக்குமாறு தரையிலிருந்து சொன்னார்கள்; வீரர்களில் ஒருவரான ஜாக் ஸ்விகர்ட் இயக்கினார். இரண்டாம் ஆக்சிஜன் கலனில் காப்புறை சிதைந்திருந்த கம்பிகளில் தீப்பொறி எழுந்து, அழுத்தம் ஏறி, எச்சரிக்கை வரம்பையும் கடந்தது. ஆனால் அந்த விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்ததால் தலைமை எச்சரிக்கை மீண்டும் எழவில்லை. கலன் சிதைந்து, மின்னழுத்தம் சரிந்த பிறகுதான் அடுத்த எச்சரிக்கை ஒலித்தது.

வரம்பு மீறியதற்கும் கலன் சிதைந்ததற்கும் இடையே ஒரு நிமிடம்கூட இல்லை என்பதால், ஒலித்திருந்தாலும் பயனிராது என்று வாதிடலாம். அந்தக் கலனைப் பொறுத்தவரை அது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் எந்தக் கலனில் என்ன நேர்ந்தது என்ற குழப்பத்தில் கழிந்த நேரத்தை அந்த ஓசை குறைத்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

விசாரணைக் குழு இதைப் பூசி மெழுகவில்லை. ஓர் எச்சரிக்கை அதே பிரிவின் மற்றோர் எச்சரிக்கையைத் தடுக்கக் கூடாது என்றும், இயல்பான அளவுக்கும் எச்சரிக்கை வரம்புக்கும் இடைவெளியைக் கூட்டித் தேவையற்ற ஓசைகளைத் தவிர்க்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. முதலாவதையே பலர் மேற்கோள் காட்டுவார்கள். நான் இரண்டாவதை அதற்கும் மேலாக மதிக்கிறேன். அன்று அந்த விளக்கை எரிய வைத்ததே அத்தகைய ஓர் அற்பக் குறைவுதானே.