நியோப்டோலமஸ் யாருடைய பிள்ளை?

கிரேக்கத் துன்பியல் நாடகம் என்று பேச்சு வந்தால் ஈடிபஸ், ஆன்டிகனி, மீடியா என்று மூன்று பெயரோடு நிறுத்திக்கொள்கிறோம். எனக்கு அந்த மூன்றையும்விட நெருக்கமானது சோஃபக்ளீஸின் 'ஃபிலாக்டிடீஸ்'. கி.மு. 409-ல் ஏதென்ஸில் அரங்கேறி முதல் பரிசு பெற்ற நாடகம். அப்போது அவருக்கு வயது 85-க்கு மேல். இந்த நாடகத்தில் யாரும் சாவதில்லை, பெண் பாத்திரம் ஒன்றுகூட இல்லை. மூன்று ஆண்கள், ஒரு வில், ஆளில்லாத ஒரு தீவு.

ட்ராய் நகரைப் பிடிக்கக் கிரேக்கப் படை போகும் வழியில், அந்தப் படையில் இருந்த ஃபிலாக்டிடீஸைப் பாம்பு கடிக்கிறது. புண் ஆறவே இல்லை. நாற்றமும் அலறலும் தாங்காமல், பூசைகூட ஒழுங்காக நடத்த முடியவில்லை என்று காரணம் சொல்லி, அவன் தூங்கும்போது லெம்னாஸ் தீவில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த வேலையைச் செய்தவன் படைத்தலைவர்களில் ஒருவனான ஒடிசியஸ். போரின் பத்தாவது வருஷத்தில், ஃபிலாக்டிடீஸும் அவனிடம் உள்ள மாவீரன் ஹெராக்ளீஸின் வில்லும் வராமல் ட்ராய் விழாது என்று குறி சொல்கிறார்கள். கூட்டிவர வருபவனும் அதே ஒடிசியஸ்தான். அவன் நேரில் போய் நின்றால் அம்பு பாயும். அதனால், ட்ராய்ப் போரில் இறந்துபோன பெரிய வீரன் அக்கிலீஸின் மகன் நியோப்டோலமஸை முன்னால் அனுப்புகிறான், பொய் சொல்லிக் கொடுத்து.

இந்தப் பையனை இந்த நாடகக் கதைக்குள் கொண்டுவந்தவர் சோஃபக்ளீஸ். எஸ்கிலஸும் யூரிப்பிடீஸும் இதே கதையை அவருக்கு முன்பே நாடகமாக்கினார்கள். இரண்டும் இன்று முழுதாக இல்லை. ஆனால் மூன்றையும் படித்து ஒப்பிட்ட, ரோமப் பேரரசுக் காலத்துக் கிரேக்கப் பேச்சாளர் டியோ கிரிசோஸ்டமின் கட்டுரை கிடைத்திருக்கிறது. மற்ற இருவரும் லெம்னாஸில் மக்கள் வாழ்வதாகவே எழுதினார்கள். சோஃபக்ளீஸ் தீவைக் காலி செய்தார், அப்புறம் அப்பா இல்லாத ஒரு பிள்ளையை அங்கே இறக்கிவிட்டார். கதையே வேறாகிவிட்டது.

இந்தப் பையன் அப்பாவை உயிரோடு பார்த்ததே இல்லை. அடக்கம் செய்வதற்கு முன்னால் உடலையாவது பார்த்துவிட வேண்டும் என்று ட்ராய்க்கு ஓடினேன் என்கிறான். இதை ஃபிலாக்டிடீஸை ஏமாற்றச் சொல்லும் பொய்க்கதையின் நடுவில்தான் சொல்கிறான். அந்த ஒரு வரி பொய் இல்லை என்று நான் நம்புகிறேன். அந்தக் காலத்து ஏதென்ஸில், போரில் செத்தவர்களின் பிள்ளைகளை அரசே வளர்த்து, வயது வந்ததும் மதுவின் தெய்வமான டயோனிசஸின் விழாவில், நாடகங்கள் தொடங்கும் முன், கவசம் அணிவித்து அரங்கில் நிறுத்துவது வழக்கம். அப்படி ஒரு விழாவுக்காக எழுதப்பட்ட நாடகம் இது. ஸ்பார்ட்டாவுடன் போர் தொடங்கி இருபது வருஷம் தாண்டியிருந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் ஒரு நியோப்டோலமஸ் இருந்திருப்பான்!

அவனை 'மகனே' என்று கூப்பிடுகிறவர்களில் முக்கியமானவர்கள் இரண்டு பேர், ஒடிசியஸும் ஃபிலாக்டிடீஸும். ஒடிசியஸ் சொல்கிறான்: ஒரு நாளில் கொஞ்ச நேரம் வெட்கத்தை விட்டுவிட்டு என் பேச்சைக் கேள், மிச்ச காலம் முழுக்க நல்லவன் என்று பேர் எடுத்துக்கொள். ஏமாற்றி ஜெயிப்பதைவிட நேர்மையாகத் தோற்கிறேன் என்று பையன் முதலில் முறைக்கிறான். வில் இல்லாமல் ட்ராயைப் பிடித்த பெயர் உனக்குக் கிடைக்காது என்றதும் இறங்கிவருகிறான். அப்பாவின் புகழுக்குச் சமமாக நிற்க வேண்டும் என்ற ஆசை, பாவம்.

ஒடிசியஸை வெறும் வில்லனாகப் பார்க்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மேலிடத்துக் கட்டளையைச் செய்தவன் அவன். அவனே இந்தப் போருக்கு விருப்பமில்லாமல் இழுத்து வரப்பட்டவன். ஃபிலாக்டிடீஸ் அதைச் சொல்லிக் குத்துகிறான்: நான் ஏழு கப்பலோடு தானாக வந்தேன், என்னைத் தூக்கி எறிந்தீர்கள். ஒடிசியஸ் மேல் எனக்கு உள்ள கோபம் வேறு. தகப்பன் இல்லாத பிள்ளையிடம் தகப்பன் குரலில் பேசி, அந்த ஏக்கத்தையே கருவியாக்கினான் பாருங்கள், அதை மன்னிக்க முடியவில்லை.

ஃபிலாக்டிடீஸுக்கும் இந்தப் பையனால் காரியம் ஆக வேண்டியிருக்கிறது. ஊருக்குக் கூட்டிப் போ என்று காலில் விழுந்து கெஞ்சுகிறான். ஆனால் வலி வந்து சுருண்டு விழப்போகும் நேரத்தில் என்ன செய்கிறான்? உயிர் பிழைக்க அவனிடம் இருக்கும் ஒரே பொருளான அந்த வில்லை, சற்று முன் அறிமுகமான பையன் கையில் கொடுத்துவிடுகிறான். சத்தியம் கேட்கக்கூட அவனுக்கு மனம் வரவில்லை. கையைக் கொடு, போதும் என்கிறான். மண்ணே, சாகும் என்னை ஏற்றுக்கொள் என்று கதறியபடி மயங்குகிறான். பையன் பக்கத்திலேயே நிற்கிறான். வில் கிடைத்துவிட்டதே, கிளம்பலாம் என்று மாலுமிகள் கிசுகிசுக்கிறார்கள். அவன் நகரவில்லை. அவனை மாற்றியது எந்த வாதமும் இல்லை. இன்னொருவன் வலியில் துடிப்பதை அருகில் நின்று பார்த்ததுதான் மாற்றியது.

வில்லைத் திருப்பிக் கொடுக்கும் காட்சியைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதற்குப் பிறகு வருவதுதான் பெரிது. இப்போது பையன் உண்மையைச் சொல்லியே கேட்கிறான்: ட்ராய்க்கு வா, புண் ஆறும், புகழ் கிடைக்கும். அவன் சொல்வது அத்தனையும் சரி. ஃபிலாக்டிடீஸ் மறுக்கிறான். நீ வீட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னாயே என்கிறான். பொய்யாகச் சொன்ன வாக்கு அது. சரி, போகலாம் என்று பையன் கிளம்பிவிடுகிறான். ட்ராய், புகழ், படையின் நட்பு எல்லாம் போய்விடும் என்று தெரிந்தே கிளம்புகிறான். நண்பனின் முடிவு தவறு என்று நினைத்துக்கொண்டே அவன் கூடப் போக ஒப்புக்கொள்ளும் இப்படி ஒரு இடத்தை வேறு எந்தக் கிரேக்க நாடகத்திலும் நான் படித்ததில்லை.

அந்த நேரத்தில், இறந்து தெய்வமாகிவிட்ட ஹெராக்ளீஸ் மேலே தோன்றி, ட்ராய்க்குப் போ என்கிறான். ஆசிரியர் வழி தெரியாமல் தெய்வத்தை இறக்கிவிட்டார் என்று பலர் குறை சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஹெராக்ளீஸ் சிதைக்குத் தீ வைத்து உதவியவன் ஃபிலாக்டிடீஸ், அதற்குக் கிடைத்த பரிசுதான் அந்த வில். தனக்குத் துரோகம் செய்தவர்களின் பேச்சுக்கு அவன் வளையவில்லை, பழைய நண்பனின் குரலுக்குத்தான் வளைந்தான்.

ஹெராக்ளீஸ் இருவருக்கும் ஒரு எச்சரிக்கையும் வைக்கிறான்: ஊரைப் பிடிக்கும்போது தெய்வங்களுக்கு அஞ்சி நடங்கள். இதே நியோப்டோலமஸ், ட்ராயின் வயதான அரசன் பிரையமைப் பலிபீடத்திலேயே கொல்லப்போகிறான் என்பது ஏதென்ஸ் மக்களுக்குத் தெரிந்த கதை. அதனால் லெம்னாஸில் நடந்த மாற்றம் வீண் என்று சிலர் வாதிடுவார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. லெம்னாஸில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்பத் தயாரானதும் அதே பிள்ளைதான். அவனை அதன்பின் ஒடிசியஸ்கள் நிறைந்த பாசறைக்குத்தான் அனுப்பினார்கள்.