ஓரிரவு வைத்த குழாய்த் தண்ணீர் தங்கமீனுக்குப் போதுமா?

"குழாய்த் தண்ணீரை ஓரிரவு வாளியில் திறந்து வையுங்கள், குளோரின் போய்விடும், பிறகு தங்கமீனை விடலாம்" என்று ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியாப் பகுதியில் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. ஜோகன்னஸ்பர்க்கில் இருப்பவர்கள் தயவுசெய்து இதை நம்ப வேண்டாம்.

வெறும் குளோரின் என்றால் பெரும்பாலும் வெளியேறிவிடும். ஆனால் நமக்கு வருவது ராண்ட் வாட்டர் நிறுவனம் சுத்திகரித்து அனுப்பும் வால் (Vaal) ஆற்று நீர். நெடுந்தொலைவு குழாயில் ஓடும்போது குளோரின் வலுவிழக்கும். அதனால் வழியிலுள்ள நீரேற்று நிலையங்களில் அம்மோனியாவும் சேர்த்து அதைக் குளோரமைனாக்குகிறார்கள். நீடித்து நிற்பதற்காகவே சேர்ப்பது ஓரிரவில் எப்படிப் போகும்? குடிக்கும் நமக்கு அதனால் கெடுதல் இல்லை. மீனுக்கோ அது செவுள் வழியே நேராக இரத்தத்தில் கலந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே கெடுக்கிறது.

மீன் கடையில் குளோரமைன், அம்மோனியா இரண்டையும் முறிக்கும் மருந்து என்று சொல்லிக் கேளுங்கள். சோடியம் தயோசல்பேட் மட்டும் உள்ள மருந்து குளோரினை நீக்கிவிட்டு அம்மோனியாவைத் தண்ணீரிலேயே விட்டுவிடும். புதுத் தொட்டியில் அதைத் தின்னும் பாக்டீரியா வளர்ந்திருக்காது. பிள்ளைகள் ஆசையாய் வாங்கிவந்த மீன் சாக இது ஒன்றே போதும். தண்ணீர் மாற்றும்போதும் மொத்தமாகக் கொட்டாமல் கால்பங்கு மட்டும் மாற்றுங்கள்; புதுத் தண்ணீரில் மருந்தைக் கலந்த பிறகே ஊற்றுங்கள்.