படத்தின் பின்பக்கம் எங்கே?

1964 டிசம்பர் புயலுக்கு முந்தைய தனுஷ்கோடியைத் தேடி, நேற்று ராத்திரி இரண்டு மணி வரை ஒரு பல்கலைக்கழகத்தின் மின் ஆவணக் காப்பகத்தில் கிடந்தேன். ‘தனுஷ்கோடி’ என்று தேடினால் ஒன்றுமே வரவில்லை. சரி என்று பக்கம் பக்கமாகப் புரட்டினேன். கடைசியில் ஒரு ரயிலடி. பெட்டி படுக்கையோடு ஒரு குடும்பம் நிற்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் ஓரத்தில் பாதி பெயர்ப்பலகை, அதில் ‘கோடி’ என்ற இரண்டே எழுத்து!

விவரத்தில் என்ன போட்டிருக்கிறார்கள் தெரியுமா? ‘பழைய புகைப்படம் 47’. இடம், தமிழ்நாடு. தேதி, ஸ்கேன் செய்த தேதி. அந்த அம்மாவின் முகத்துக்கு நேராகப் பல்கலைக்கழக முத்திரை வேறு.

வயிறு எரிகிறது. பழைய படங்களைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். திருப்பினால் ஸ்டுடியோ முத்திரை இருக்கும், பென்சிலில் ஊரும் வருஷமும் இருக்கும், சிலதில் இடமிருந்து வலமாகப் பெயர்கள்கூட இருக்கும். அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் ஸ்கேன் செய்வதற்குப் பெயர் ஆவணப்படுத்தலா? 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற பிரிட்டிஷ் புகைப்படக்காரர் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒன்றாக இணைத்தார். எந்த ஊர், எந்தக் கோயில் என்று அவர் படங்களுக்கு இன்றைக்கும் பதில் இருக்கிறது. நம் ஆட்கள் கணினியை வைத்துக்கொண்டு ‘47’ என்கிறார்கள்.

ஆய்வேடுகள் கதையும் இதுதான். மின்படி கட்டாயம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-லேயே விதி போட்டுவிட்டது. ஏற்றவும் செய்கிறார்கள். ஆனால் ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் வடிவம் மாட்டிவிடும் பழைய பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஏற்றினால் எப்படித் தேடுவது? கண்ணுக்குத் ‘தமிழ்’ என்று தெரிவதை நகலெடுத்து ஒட்டினால் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி. ஒருவர் நாலைந்து வருஷம் ஊர் ஊராக அலைந்து எழுதியதில் ஒரு சொல்லைக்கூடத் தேடி எடுக்க முடியாது. தமிழைத் தமிழாகவே கணினியில் பதியும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஏற்றுவதற்கு முன் ஒரு தடவை மாற்றினால் என்ன கெட்டுவிடும்?

மூன்று மின்னஞ்சல் போட்டுவிட்டேன், பதில் இல்லை. ஐயா, அந்தப் படம் உங்கள் அலமாரியில்தானே இருக்கிறது? 47-ஐ எடுத்துத் திருப்பி ஸ்கேனரில் வையுங்கள். அரை நிமிட வேலை.